மான்டிஸ் இறாலும் அனிமோனும்: வாங்கும் முன் கேளுங்கள்

கேள்வி: மயில் மான்டிஸ் இறாலையும் (ஓங்கிக் குத்தி இரையை உடைக்கும் கடலுயிர்) அனிமோனையும் (பூப்போல விரியும் கடலுயிர்) ஒரே மெரைன் டேங்கில் (கடல்நீர்த் தொட்டி) வளர்க்கலாம் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? (தாம்பரம்)

பதில்: வேண்டாம். சண்டையைவிடப் பெரிய சிக்கல் வெளிச்சம். அனிமோனின் உடலுக்குள் வாழும் பாசிக்குக் கடும் வெளிச்சம் வேண்டும். மயில் மான்டிஸோ வளைக்குள் ஒடுங்குவது. ஓயாத வெளிச்சத்தில் அதன் ஓடு அரித்துப்போவதை வளர்ப்போர் கண்டிருக்கிறார்கள். அது வளை தோண்டிப் பாறையை நகர்த்தும்போது அனிமோன் பெயரும். பெயர்ந்தது பவர்ஹெட்டில் (தண்ணீரைச் சுழலவிடும் பம்பு) சிக்கி அரைபட்டால் தொட்டித் தண்ணீர் முழுக்கக் கெடும். விரிப்புப் போலப் படரும் கார்பெட் அனிமோனாக இருந்தால், ஓடு உரித்து மெத்தென்று கிடக்கும் இறாலையே பிடித்துத் தின்னக்கூடும். ஏற்கெனவே சேர்த்துவிட்டவர்கள் இறாலுக்கு இருட்டான பிவிசி குழாய் வளை கொடுங்கள். பவர்ஹெட்டுக்கு வலை போடுங்கள். இனிமேல் வாங்குபவர்களுக்குத் தனித்தனித் தொட்டிதான்.

கேள்வி: கூடவே ஒரு ஜோடி கிளவுன் மீன்? (மதுரை)

பதில்: இறாலுக்கு இரை.

கேள்வி: பளிச்சென்ற மஞ்சள் அனிமோன் வாங்கினேன். பத்தே நாளில் செத்தது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்கிறார்கள். பில்லும் தரவில்லை. (கோவை)

பதில்: உங்கள் மேல் தவறில்லை. அது பெரும்பாலும் சாயம் ஏற்றியதாக இருக்கும். பாசியை இழந்து வெளுத்த அனிமோனுக்குச் சாயமேற்றி விற்கும் கொடுமை பல காலமாக நடக்கிறது. உணவு தரும் பாசி போனபின் அது பட்டினியில்தான் சாகிறது. நானும் அப்படியொன்று வாங்கினேன். நிறம் மங்கிச் சுருங்கிச் செத்தது. கேட்டால், "உங்கள் தண்ணீர் சரியில்லை" என்றார்கள். உயிரோடு விளையாடிக் காசு பார்ப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. விடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. பணம் அனுப்பிய ரசீதையும் படங்களையும் வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை.

கேள்வி: 30 லிட்டர் தொட்டியில் மயில் மான்டிஸ் விட்டிருக்கிறேன். கண்ணாடியை உடைக்குமா? (சேலம்)

பதில்: 1998ல் இங்கிலாந்தின் கிரேட் யார்மத் காட்சியகத்தில் ஒன்று உடைத்தது, ஆனால் அது அபூர்வம். 18 செ.மீ. வரை வளரும் உயிருக்கு 30 லிட்டர் எப்படிப் போதும்? இதை வாங்குமுன் கேட்டிருக்க வேண்டும். பெரிய தொட்டி வாங்குங்கள், அல்லது இன்றே திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய். காப்பர் மருந்தை அனிமோன் தொட்டியிலேயே ஊற்றலாமா? (நாகர்கோவில்)

பதில்: கூடாது. அனிமோனும் இறாலும் செத்துவிடும். மீனை வேறு தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுங்கள்.