பாப்பாவுக்குத் தாளம் புரியுமா? – கேள்வி பதில்

கேள்வி: பிறந்த குழந்தைக்கே தாளம் தெரியும்னு சொல்றாங்களே, நிஜமா மேடம்?

பதில்: நிஜம்தான். 2009-ல் ஹங்கேரி, நெதர்லாந்து ஆய்வாளர்கள் பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகளுக்கு, அவர்கள் தூங்கும்போது டிரம்ஸ் தாளம் போட்டு, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தார்கள். அவ்வப்போது தாளத்தின் முதல் அடியை மட்டும் விட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் மூளை துணுக்குற்றது பதிவில் தெரிந்தது. முக்கியமில்லாத அடி விடுபட்டபோது அப்படி ஆகவில்லை.

கேள்வி: பையனுக்கு ஆறு மாசம். பாட்டு போட்டா உதைக்கிறான், ஆனா தாளத்தோட சேரலை. கவலைப்படணுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். தாளத்தோடு பிசகாமல் அசைய இன்னும் சில வருடங்கள் ஆகும்.

கேள்வி: தூக்கிவெச்சு ஆட்டினா பழகிடும்னு மாமியார் சொல்றாங்க. படுக்கவெச்சு மொபைல்ல பாட்டு போட்டா போதாதா?

பதில்: போதாது என்பேன். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஏழு மாதக் குழந்தைகளுக்கு, எந்த அடியிலும் அழுத்தம் இல்லாத ஒரே தாளத்தை ஒலிக்கவிட்டார்கள். சிலரை இரண்டாவது அடிக்கு ஒருமுறை, மற்றவர்களை மூன்றாவது அடிக்கு ஒருமுறை தூக்கி ஆட்டினார்கள். பிறகு இரண்டு விதமாகவும் அழுத்தம் கொடுத்து வாசித்துக் காட்டியபோது, தங்களை எப்படி ஆட்டினார்களோ அந்த வாசிப்பையே குழந்தைகள் சராசரியாக அதிக நேரம் கேட்டார்கள். கண்ணைக் கட்டி ஆட்டியபோதும் அப்படித்தான். பிறர் ஆடுவதைச் சும்மா பார்த்த குழந்தைகளிடம் இது இல்லை. தாளம் உடம்பு வழியாகவும்தான் உள்ளே போகிறது. அதனால் தூக்கி வைத்துக்கொண்டு நீங்களே பாடுங்கள்; சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை. தலையையும் கழுத்தையும் தாங்கிக்கொண்டு, உங்கள் முழங்காலை மெல்ல மடக்கி நிமிர்ந்தால் போதும். குலுக்கவே கூடாது.

கேள்வி: நான் மிருதங்கம் வாசிக்கிறவன். மிஸ்ர சாப்பு, அதாவது மூணும் நாலுமா ஏழு எண்ணிக்கை வர்ற தாளம், குழந்தைக்குப் பிடிபடுமா?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி! தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதி நாட்டுப்புற இசையிலும் 'தகிட தகதிமி' போலச் சமமில்லாத துண்டுகள் கொண்ட ஏழு எண்ணிக்கைத் தாளம் உண்டு. ஓர் ஆய்வில், அதைக் கேட்டே பழகாத வட அமெரிக்கக் குழந்தைகள், தாளம் குலைந்த இடத்தை ஆறு மாத வயதில் கண்டுபிடித்தார்கள். ஒரு வயதில் அந்தத் திறன் போய்விட்டது. வீட்டில் கொஞ்ச நாள் அந்த இசையைக் கேட்க வைத்ததும் திரும்பி வந்தது. பெரியவர்களுக்கு அதே பயிற்சி பலிக்கவில்லை. எனவே சாதகம் பண்ணும்போது பாப்பாவும் அதே அறையில் இருக்கட்டும், வாத்தியத்துக்குச் சற்றுத் தள்ளி.

கேள்வி: மூணு மாசம் ஆச்சு, பலத்த சத்தத்துக்குக்கூட திடுக்கிடல.

பதில்: இது தாளத்தைப் பற்றிய கேள்வி அல்ல, காதைப் பற்றியது. இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, செவித்திறன் பரிசோதனை செய்துவிடுங்கள். காதுக்குள் மெல்லிய ஒலி அனுப்பி, உள்காது திருப்பித் தரும் ஒலியை அளக்கும் ஓ.ஏ.இ. சோதனையில் வலியே இருக்காது, தூங்கும்போதே எடுத்துவிடலாம்.