நாயை விலைக்கு வாங்குவதா, காப்பகத்திலிருந்து தத்தெடுப்பதா?

தத்தெடுங்கள். அதிலும் குட்டி வேண்டாம், ஒன்றரை, இரண்டு வயது தாண்டிய நாயாகப் பாருங்கள். புண்ணியம் சேர்க்கச் சொல்லவில்லை, சுயநலமாகத்தான் சொல்கிறேன்.

குட்டி வளர்ந்து சாதுவாக இருக்குமா, ஆளைக் கண்டாலே குரைக்குமா என்பது அப்போது யாருக்கும் தெரியாது. வளர்ந்த நாயிடம் அந்தச் சந்தேகம் குறைவு. காப்பகத்தில் தினமும் சாப்பாடு வைப்பவரைத் தனியாகப் பிடித்துக் கேளுங்கள்: மற்ற நாய்களோடு ஒத்துப்போகுமா, பூனையைக் கண்டால் துரத்துமா, சாப்பிடும்போது கிட்டே போனால் உறுமுமா? அவருக்குத் தெரியாதது இருக்காது.

சாதி நாய்தான் வேண்டும் என்றால் அதற்கான விலை பணத்தோடு முடியாது. பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களில் பல மூச்சுக்குத் திணறும். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இடுப்பு மூட்டுத் தொல்லை, டால்மேஷியனுக்குக் காது கேளாமை என்று இனத்தோடு ஒட்டி வருபவை உண்டு. கலப்பின நாய்க்கு நோயே வராது என்பதும் கட்டுக்கதைதான். ஆனால் முகம் தட்டையாக வேண்டும் என்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இணைத்த வினை அதற்கு இல்லை. தாய், தந்தை நாய்களை இந்த நோய்களுக்குப் பரிசோதித்துவிட்டே குட்டி போடவிட்டு விற்கிற நல்லவர்களும் இருக்கிறார்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். எட்டு வாரம்கூட ஆகாத குட்டியைத் தூக்கிக் கொடுப்பவரிடம் பேச்சே வேண்டாம்.

சரி, தத்தெடுத்தால் எல்லாம் சுகமா? இல்லை. எங்கள் நாய் வந்த புதிதில் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் தட்டில் வாய் வைக்காது. முதுகைத் திருப்பினால்தான் நக்கும் சத்தம் கேட்கும். துடைப்பத்தைக் கையில் எடுத்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும், எவன் அடித்தானோ. கொஞ்சிக் கூப்பிட்டதெல்லாம் பலிக்கவில்லை. கண்டுகொள்ளாமல் தரையில் உட்கார்ந்திருந்தோம், அதுவாகவே வந்து மோந்து பார்த்தது. முதல் நாளே சொந்தக்காரர்களை வரவழைத்து ஆளாளுக்குத் தடவிக் கொடுப்பதுதான் நிறையப் பேர் செய்யும் கூத்து. அப்போது பயத்தில் கடித்தால் பழி நாய் மேல்.

புது நாய் மிரண்டால் கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும், அதனால் மார்போடு சுற்றிக் கட்டும் பட்டையையும் வாங்கிவிடுங்கள். தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்குங்கள். ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சலையும் இதயப்புழுவையும் பார்க்கச் சொல்லுங்கள். இதயப்புழு தொற்றி ஆறு மாதம் வரை சோதனையில் தெரியாமல் இருக்கலாம், ஆகவே ஒருமுறை இல்லை என்று வந்தாலும் ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

அப்புறம், ஒத்துவராவிட்டால் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சில காப்பகங்களில் கொஞ்ச நாள் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கவும் விடுவார்கள்.