தாவுற லாப்ரடாரைத் தெரபி நாயாக்க முடியுமா?

ரெண்டு வயசு லாப்ரடார், எல்லார்கிட்டயும் பாசம். ஆனா ஆளைக் கண்டதும் தாவுது, வயசானவங்க பிடிச்சு நடக்குற வாக்கர் சத்தத்துக்கு மிரளுது, முதியோர் இல்லத்துல இருக்கிறவங்களுக்கு ஆறுதல் தர்ற தெரபி நாயா கூட்டிட்டுப் போகலாமான்னு கேட்டிருக்கீங்க. இப்போ வேண்டாம், பழக்கிட்டுப் போகலாம். வயசு தடையில்லை, தெரபி நாய்களைப் பதிவு பண்ணுற பெட் பார்ட்னர்ஸ் (அமெரிக்கா) மாதிரி அமைப்புகள் ஒரு வயசு நிறைஞ்ச நாயைச் சேர்த்துக்கிறாங்க.

முதல்ல தாவல். வயசானவங்க தோல் மெல்லிசு, நகம் பட்டாலே கிழிஞ்சிடும். "இறங்கு"ன்னு கத்தாதீங்க, நாய்க்கு அதுவும் கவனிப்புதான். தாவினா முகத்தைத் திருப்பிக்கோங்க. நாலு காலும் தரையில இருந்தா மட்டும் தடவலும் தின்பண்டமும். வீட்டுக்கு வர்ற விருந்தாளி உட்பட எல்லாரும் இப்படியே நடக்கணும். (நாயைவிட மனுஷங்களைப் பழக்குறதுதான் பெரும்பாடு!)

வாக்கரை அசையாம ஒரு மூலையில வைச்சு, சுத்தித் தின்பண்டம் போடுங்க. தானா போய் மோந்து பார்க்க ஆரம்பிச்சதும், தூரத்துல யாராவது மெதுவா நகர்த்தட்டும். மிரண்டா தூரத்தைக் கூட்டுங்க, கயிறைப் பிடிச்சு இழுக்காதீங்க.

"விடு"ன்னா உடனே விடணும். முதியோர் இல்லத்துல தரையில மாத்திரை விழுந்து கிடக்கலாம்.

இன்னொண்ணு, நாய்க்கு இந்த வேலை பிடிச்சிருக்கா? புது ஆள் தடவும்போது பாதியில கையை எடுக்கச் சொல்லுங்க. திரும்ப ஒட்டி வந்தா சரி. உதட்டை நக்குது, கொட்டாவி விடுது, தலையைத் திருப்பிக்குதுன்னா போதும்னு சொல்லுது. அப்படியே தொடர்ந்தா இந்த யோசனையையே விட்டுடுங்க. பச்சை இறைச்சி கொடுக்குறீங்களா? கிருமி பயத்தால சில அமைப்புகள் அந்த ஒரு காரணத்துக்கே நாயைச் சேர்த்துக்க மறுப்பாங்க.