மஸ்டாங் காரில் டயருக்கு மேலே இடைவெளி அதிகமாகத் தெரிகிறது, எவ்வளவு இறக்கலாம்?

கேள்வி: கோவையில் செகண்ட் ஹேண்டில் ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. கார் வாங்கியிருக்கிறேன். டயருக்கும் மட்காடுக்கும் நடுவே நாலு விரல் தாராளமாகப் போகிறது. ஸ்பிரிங் மாற்றி எவ்வளவு இறக்கலாம்? பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்துக்கும் இதே காரில்தான் போவேன்.

பதில்:

20 மில்லிமீட்டர். மிஞ்சிப் போனால் 25. தோட்டத்துக்குப் போகும் கார் என்பதால் அதற்கு மேல் வேண்டாம்.

கோவை கணபதியில் வீல் அலைன்மென்ட் பட்டறை வைத்திருக்கிறேன். 20 இறக்கிவிட்டுப் பார்த்தால் யாருக்கும் போதாது. "இன்னும் சித்த எறக்குங்ணா" என்பார்கள். அப்படி வேறெங்காவது 40, 50 இறக்கியவர்கள் கொஞ்ச நாளில் டயர் சத்தம் என்று வருவார்கள். டயரின் வெளிப்பக்கம் பட்டன் எல்லாம் புதுசு போலவே இருக்கும். உள்விளிம்பில் கையை ஓட்டினால் கம்பி குத்தும். கார் இறங்கும்போது சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்கிறது. கூடவே டோவும், அதாவது சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவும், மாறிவிடுகிறது. டயரைத் தின்பதில் சாய்வைவிட டோதான் மோசம். இந்தியாவில் 2016 முதல் விற்ற மஸ்டாங்கில் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்குபவை என்பதால் பின்னாலும் இந்தத் தொல்லை உண்டு.

அந்த நாலு விரல் இடம் சும்மா விட்டதல்ல. பள்ளத்தில் விழுந்தால் சக்கரம் மேலே ஏற இடம் வேண்டும். 25 இறக்கினால் ஏறும் தூரத்தில் 25 போய்விடும். அதை ஈடுகட்டத்தான் இதற்கென வரும் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் விறைப்பாகச் செய்கிறார்கள். அளவோடு இறக்கினால் கம்பெனி ஷாக் அப்சார்பரே அதைச் சமாளிக்கும். அதிகமாக இறக்கினால் ஒவ்வொரு குழிக்கும், சக்கரம் மேலே ஏறுவதைத் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் இடிக்கும், முதுகு சொல்லிவிடும். ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எடுத்துத் தருகிறேன் என்று எவராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். வெட்டிய முனை ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டில் சரியாக உட்காராது, சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் நழுவவும் கூடும்.

சரி, நம் ஊர் வேகத்தடைக்கு வருவோம். சாலைகளுக்கு விதி வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் அமைப்பின் விதிப்படி வட்டமான வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். மஸ்டாங்கின் முன், பின் அச்சுக்கு நடுவே 2.72 மீட்டர். கார் நடுமேட்டில் நிற்கும்போது நாலு சக்கரமும் மேட்டின் மேலேயே இருக்கும். கணக்குப் போட்டால் வயிற்றுக்கடியில் சுமார் 5.5 சென்டிமீட்டர்தான் குறைகிறது. ஆனால் ஊருக்குள் ராத்திரியோடு ராத்திரியாகச் சிமெண்டைக் கொட்டி ஒரு முழ அகலத்தில் போடுகிறார்களே, அதில் சக்கரங்கள் இரண்டு பக்கமும் தரையில் நிற்க, மேடு மொத்தமும் வயிற்றில் ஏறும். அதே 10 சென்டிமீட்டர் உயரமென்றால் முழு பத்தும் போச்சு. அவினாசி சாலை மேம்பாலத்தில் எவ்வளவு தாழ்ந்தும் போகலாம். தோட்டத்து இட்டேரியில், அதாவது தோட்டத்துக்குப் போகும் மண் தடத்தில், நடுவில் புல் மேடும் இரு பக்கம் டிராக்டர் தடமும் இருக்கும். அங்கே உங்கள் காரின் அடியில் மிகத் தாழ்ந்த இடம் எது, தரையிலிருந்து எவ்வளவு என்று டேப் வைத்து அளந்துவிட்டு முடிவெடுங்கள். இரண்டு பேர் உட்கார்ந்தபடி அளக்க வேண்டும்.

கம்பெனிக்காரர்களே எப்படி யோசிப்பார்கள் என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. டாடாவும் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து 2018இல் கொண்டுவந்த டியாகோ ஜே.டி.பி.யில் தாழ்த்தியது வெறும் 4 மில்லிமீட்டர். பந்தய வேலை தெரிந்தவர்கள் செய்த கார் அது.

வேலை கொடுக்கும்போது: மட்காடு விளிம்பிலிருந்து சக்கரத்தின் நடுப்புள்ளி வரை நாலு பக்கமும் முதலில் அளந்து எழுதி வையுங்கள். விரல் கணக்கு டயருக்கு டயர் மாறும், இந்த அளவு மாறாது. சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் மூட்டில் உள்ள ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கார் லிப்ட்டில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரத்தில் எடை ஏறிய பிறகே இறுக்க வேண்டும், இல்லையென்றால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். மெக்கானிக் அவசரப்பட்டால் பக்கத்திலேயே நில்லுங்கள். ஸ்பிரிங் உட்காரச் சில நாள் ஓட்டி, அப்புறம் நாலு சக்கர அலைன்மென்ட். ஹெட்லைட் வெளிச்சத்தையும் அப்போதே பார்த்துவிடலாம்.

ஸ்பிரிங்கைத் தொடாமலும் ஒரு வழி உண்டு. முன்பக்கம் 255/40 ஆர்19 டயரின் பக்கச்சுவர் 102 மி.மீ. (255 மி.மீ. அகலத்தில் 40 சதவீதம்); பின்னால் இருக்கும் 275/40இல் 110. அடுத்த முறை முன்னாலும் 275/40 போட்டால் இடைவெளி 8 மி.மீ. குறையும், காரின் முன்பக்கம் 8 மி.மீ. உயரவும் செய்யும். எனக்குப் பிடித்த வழி இதுதான். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து உள்ளே உரசுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டம் 52, 182ஏ பிரிவுகள். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நாலு பக்க அளவையும் எடுத்து இங்கே எழுதினால், முன்னால் எவ்வளவு பின்னால் எவ்வளவு என்று சொல்கிறேன்.