மலை வீட்டில் விருந்து: முதல் போன் யாருக்கு?

கேள்வி: அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குக் குடும்பமாக 24 பேர் கொடைக்கானலில் ஒரு பங்களாவை இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறோம். முதல் நாள் ராத்திரி அங்கேயே ஆள் வைத்துச் சமைத்து, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஆசை. ஓட்டலில் சொல்லிவிடலாம் என்கிறார் கணவர். 'எதுக்குச் செலவு, நானே பண்ணிடறேன்' என்கிறார் அம்மா. எங்களில் ஏழு பேர் சைவம். எங்கிருந்து ஆரம்பிப்பது?
- வாசகி, மதுரை

பதில்: அம்மா சமைக்க வேண்டாம். இதை முதலில் முடிவு செய்துவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஐம்பது வருஷமாக வீட்டு விசேஷம் ஒவ்வொன்றிலும் கடைசிப் பந்தியில் ஆறிப்போன சாதத்தைச் சாப்பிட்டவர் அவர். அன்றைக்கு ஒரு ராத்திரியாவது அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பந்தியில் சாப்பிடட்டும். ஆள் வைத்துச் சமைப்பதே அதற்காகத்தான்.

முதல் போன் சமையல்காரருக்கு இல்லை, வீட்டுக்காரருக்கு. கிச்சன் உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். போய்ப் பார்த்தால் இரண்டு பர்னர் அடுப்பு, மூன்று லிட்டர் குக்கர், ஆறு தட்டு, அவ்வளவுதான் இருக்கும். வெளி ஆள் வந்து சமைக்கலாமா, அசைவம் சமைக்கலாமா, கேஸ் யாருடையது, பின்பக்கம் பெரிய அடுப்பு வைக்க இடம் உண்டா, பாத்திரம் கழுவ ஆள் உண்டா என்று வாட்ஸ்அப்பில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கி வையுங்கள். கிச்சனை ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஊட்டியில் ஒரு முறை இதையெல்லாம் கேட்காமல் போய், அசைவம் கூடாது என்று வாட்ச்மேன் கேட்டிலேயே சொல்லிவிட, மஞ்சள் தடவி எடுத்துப்போன நாலு கிலோ கறியோடு சாயங்காலம் ஐந்து மணிக்கு நடுரோட்டில் நின்றிருக்கிறோம். அந்த அவஸ்தை உங்களுக்கு வேண்டாம்.

அடுத்தது ஆள். பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் கேர்டேக்கர் வீட்டிலேயே நன்றாகச் சமைக்கிற கை பெரும்பாலும் இருக்கும். முதலில் அவர்களைக் கேளுங்கள். 24 பேருக்கு ஒருவரால் முடியாது, வெங்காயம் உரிக்க, பாத்திரம் தேய்க்க இன்னும் இரண்டு பேர் வேண்டும், அவர்கள் கூலியையும் சேர்த்தே பேசுங்கள். அவர்களால் முடியாதென்றால் கொடைக்கானல் டவுனிலேயே உள்ளூர் சமையல்காரரை விசாரியுங்கள். மதுரையிலிருந்து கல்யாண மாஸ்டரைக் கூட்டிப்போவதை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன். கைமணம் அவருக்குக் குறைவில்லை, மலைதான் புதுசாக இருக்கும். கொடைக்கானல் கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள், ஒரு மணி நேரம் கழித்துத் துவரம்பருப்பை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கினால் உள்ளே வெள்ளையாக ஒரு புள்ளி நிற்கும். உள்ளூர் ஆள் பருப்பைக் குக்கரைத் தவிர வேறெதிலும் போட மாட்டார், பிரியாணிக்குக் கறியையும் தனியாகக் குக்கரில் வேகவைத்துக்கொண்டுதான் தம் போடுவார். கீழிருந்து ஆளையும் பாத்திரத்தையும் வேனில் ஏற்றினால், வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம் என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் கார்களுக்கும் அதே விதிதான்.

கூலி இரண்டு விதமாகப் பேசுவார்கள். சாமான் எல்லாம் அவரே வாங்கி, இலைக்கு இவ்வளவு என்பது ஒன்று. சாமான் நம்முடையது, கூலி மட்டும் அவருக்கு என்பது இன்னொன்று. 24 பேருக்கு இரண்டாவதுதான் எனக்குப் பிடிக்கும். லிஸ்ட் கைக்கு வந்துவிடும், என்ன எண்ணெய், என்ன அரிசி என்பது நம் பொறுப்பில் இருக்கும். பிரியாணி என்றால் சீரக சம்பா ஒரு கிலோ சுமார் எட்டுப் பேருக்கு வரும், ஆகவே அசைவம் சாப்பிடுகிற உங்கள் பதினேழு பேருக்கு இரண்டேகால் கிலோ அரிசி, இரண்டரை கிலோ மட்டன் போதும். கூட வாங்க ஆசைப்படாதீர்கள், மிச்சத்தை என்ன செய்வது என்பது மலையில் பெரிய தலைவலி.

சைவம் ஏழு பேருக்குக் குஸ்காவும் தயிர்ப் பச்சடியும் போட்டு முடித்துவிடாதீர்கள், தயவுசெய்து. மலைக் காய் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. கேரட், பீன்ஸ், காலிஃபிளவர் போட்டு ஒரு குருமா. அப்புறம் பூண்டுக் குழம்பு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு அந்த மலையில்தான் விளைகிறது, பூம்பாறைப் பக்கம் போனால் கட்டுக்கட்டாகத் தொங்கும். சுடுசாதத்தில் அந்தக் குழம்பை ஊற்றினால் பிரியாணிக்காரர்களும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். சைவத்துக்குத் தனி அடுப்பு, தனிக் கரண்டி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், ராத்திரி ஏழு மணிக்குச் சொன்னால் யாராலும் பிரிக்க முடியாது.

சமையல் ஆள் மூன்று மணிக்கு வீட்டுக்குள் இருக்க வேண்டும், இலை ஏழரைக்கு விழ வேண்டும். தட்டில் போட்டுவைத்துவிட்டு ஆட்களைக் கூப்பிடாதீர்கள், உட்கார வைத்துவிட்டுப் பரிமாறுங்கள். அந்தக் குளிரில் மட்டன் கொழுப்பு தட்டிலேயே வெள்ளையாக உறைந்துவிடும், பெரியவர்களுக்கு முதல் வாயிலேயே வெறுத்துப்போகும்.

கணவர் சொல்வதும் தப்பில்லை. வீட்டுக்காரர் வெளி ஆளைச் சேர்க்கவில்லை என்றால் டவுனில் சொல்லிவிடுங்கள், மூடிய சூட்டுப்பெட்டியில் கொண்டுவரச் சொல்லி, வந்த உடனே பரிமாறுங்கள். கேட்டரிங்காரர் என்றால் அவருடைய 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணைக் கேளுங்கள், முறையாகத் தொழில் செய்பவர் தயங்காமல் தருவார்.

கேள்வி: இதே போல் கொடைக்கானலுக்குப் போகிறோம். வேலை மிச்சம் என்று பேப்பர் தட்டும் தண்ணீர் பாட்டிலும் மொத்தமாக வாங்கிப்போகலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். பிளாஸ்டிக் பூச்சுப் போட்ட பேப்பர் தட்டு, கப் எல்லாம் தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரி 1 முதலே தடை. மலையில் சின்னத் தண்ணீர் பாட்டிலையும் விட மாட்டார்கள், வழியில் சோதனை உண்டு. பாக்குமட்டைத் தட்டு வாங்குங்கள், இல்லையென்றால் வத்தலக்குண்டில் வண்டியை நிறுத்தி வாழையிலைக் கட்டு வாங்கி, ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு ஏறுங்கள். எச்சில் இலையை ராத்திரி வாசலில் போட்டுவைக்காதீர்கள். கொடைக்கானலில் காட்டுமாடு வீட்டுக் கேட் வரைக்கும் வருகிறது, குழந்தைகள் இருக்கிற இடம். மூடியுள்ள டிரம்மில் போட்டு உள்ளே வைத்துவிட்டு, காலையில் நகராட்சி வண்டியில் கொடுங்கள்.

கேள்வி: நான் கோத்தகிரியில் ஒரு பங்களாவில் கேர்டேக்கர். வருகிறவர்கள் ராத்திரி எட்டு மணிக்குப் பதினைந்து பேருக்குச் சிக்கன் வேண்டும் என்கிறார்கள். முடியாது என்றால் முகம் வாடுகிறது, சில பேர் ஓனரிடம் சொல்லிவிடுகிறார்கள். எப்படிச் சமாளிப்பது?
- வாசகர், கோத்தகிரி

பதில்: அண்ணா, நீங்கள் சொல்வதில் தப்பே இல்லை. கடை சாத்திய பிறகு கோழிக்கு எங்கே போவீர்கள்? ராத்திரிச் சாப்பாடு வேண்டுமென்றால் மதியம் ஒரு மணிக்குள் சொல்ல வேண்டும் என்று எழுதி, ஆட்கள் புக் பண்ணும்போதே ஓனரை அனுப்பச் சொல்லுங்கள். வந்து இறங்கியதும் நீங்களும் ஒரு தடவை வாயால் சொல்லிவிடுங்கள். நேரம் கழித்துக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்: கோதுமை உப்புமா, முட்டை, ரசம் சாதம். அவ்வளவு தூரம் வந்து பசியோடு நிற்பவருக்கு முடியாது என்ற ஒரு வார்த்தைதான் சுருக்கென்று படுகிறது. இது இருக்கிறது, பதினைந்து நிமிஷம் கொடுங்கள் என்றால் அதே ஆள் சரி என்று உட்கார்ந்துவிடுவார். சமையலுக்கான கூலியை வாடகையோடு கலக்க விடாதீர்கள், தனியாகப் பேசி, அன்றைக்கே கையில் வாங்கிவிடுங்கள்.