கணவாயும் புழையும் – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஆறுகள் மலையை அரித்துப் பள்ளத்தாக்கு உண்டாக்குவதை நடத்தும்போது ஒரு பையன் எழுந்து, "அப்போ பாலக்காட்டுக் கணவாயை நம்ம புழைதான் வெட்டுச்சா டீச்சர்?" என்றான். நாளைக்குச் சொல்கிறேன் என்று உட்காரவைத்துவிட்டேன். கோடையில் முழங்கால்கூட நனையாத ஆறு இவ்வளவு பெரிய வேலையைச் செய்திருக்குமா?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

உங்கள் சந்தேகம் சரி. ஆனால் ஆறு சின்னது என்பதல்ல அதற்குக் காரணம். நூறு வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் நிலம் தேய்கிறது என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கோடி வருஷத்தில் ஒரு கிலோமீட்டர் போய்விடும். மடகாஸ்கர் நம் மேற்குக் கரையை விட்டுப் பிரிந்தே சுமார் 9 கோடி வருஷம் ஆகிறது. அவகாசத்துக்கு ஒன்றும் பஞ்சமில்லை.

இடிப்பது வேறு இடத்தில். மலைத்தொடரை ஓர் ஆறு குறுக்கே அறுத்திருந்தால், ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வர வேண்டும். கணவாயில் அப்படி ஓர் ஆறே இல்லை. வாளையாறும் கோரையாறும் மேற்கே போய்ப் பாரதப்புழையில் சேர்கின்றன. வெள்ளியங்கிரிப் பக்கம் பிறக்கும் நொய்யல் கிழக்கே காவிரிக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள மேட்டை, கோவை பஸ்ஸில் போகிறவர்கள் கவனிக்கக்கூட மாட்டார்கள். அகலத்தையும் பாருங்கள். வடக்கே நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர், தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர். இடையில் முப்பது கிலோமீட்டருக்கு, பெரும்பாலும் 300 மீட்டருக்குள் கிடக்கும் வெளி.

விஷயம் தரைக்கு அடியில் இருக்கிறது. பாலக்காட்டிலிருந்து காவிரிப் பக்கம்வரை ஒரு பழைய நசுங்கல் பட்டை ஓடுகிறது. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுகூடிய காலத்தில், நிலத்துண்டுகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த இடம் அது. ஆழத்தில் சூடேறிய பாறை இழுபட்டு இழை இழையாகிவிட்டது. இருபுறமும் மலையாக நிற்பது பெரும்பாலும் சார்னோகைட், கெட்டியான கல். பட்டைக்குள் கிடப்பது நைஸ் என்ற வரிவரியான கல் வகைகள். கணவாய் எப்படித் திறந்தது என்பதில் நிலவியலாளர்களுக்குள் வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனாலும் இந்தப் பலவீனத்தை ஒதுக்கிவிட்டு யாராலும் பேச முடியாது.

பலவீனமான கல்லை முதலில் தின்பது மழை. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாக அது விரிசலில் இறங்குகிறது. கல்லிலுள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாகிவிடும். குவார்ட்ஸ் என்ற இன்னொரு கனிமம் மசிவதில்லை, மணலாக உதிரும். ஊர் ஊராகச் சண்டை போட்டு அள்ளினோமே, அந்தப் புழை மணல் இதுதான். ஆறு வருவது இதற்குப் பிறகு. வீட்டை இடித்தவன் ஒருவன், கல்லை ஏற்றிப்போன லாரி வேறு. நம் பாடப்புத்தகங்கள் லாரிக்கே மாலை போடுகின்றன என்பது எனக்கு ரொம்ப நாள் மனத்தாங்கல். (லாரி போகிற வழியில் கொஞ்சம் இடித்துக்கொண்டும் போகும், அதை மறுக்கவில்லை.)

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். தென்மேற்குக் காற்று மலையில் ஏறினால்தான் குளிர்ந்து கொட்டும். கணவாயில் ஏறவேண்டிய கட்டாயமில்லாமல் கஞ்சிக்கோடு வழியாக உடுமலை, பல்லடம் காற்றாலைகளுக்குப் போய்விடுகிறது. எருத்தேம்பதி, வடகரப்பதிக்காரர்கள் கேரளத்தில் இருந்துகொண்டு மழைக்கு வானம் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பையனை ஒருநாள் சித்தூர்ப் புழைக்குக் கூட்டிப்போங்கள். மணல் போன இடங்களில் அடிப்பாறை வெளியே கிடக்கும். கறுப்பும் வெளுப்புமாகக் கோடுகள் ஓடும், சில இடத்தில் நெளிந்து மடங்கியிருக்கும். கறுப்பில் பயோடைட், ஹார்ன்பிளெண்ட் என்ற கருநிறக் கனிமங்கள் அதிகம். வெளுப்பில் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும். குவார்ட்ஸ் நரம்பு ஓடும் இடத்தில் குறுக்கே விரலை ஓட்டச் சொல்லுங்கள். நரம்பு துருத்தி நிற்கும், பக்கத்துக் கறுப்பு உள்வாங்கியிருக்கும். ஒரே மழை, ஒரே தண்ணீர், ஒரே வருஷங்கள். ஏன் ஒன்று பள்ளமாச்சு, இன்னொன்று மேடாச்சு என்று அவனையே கேளுங்கள்.

போகும் முன், ஆற்றின் மேலே உள்ள மூலத்தறைத் தடுப்பணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.