கேமரா கேள்விகள்: ஊட்டியிலிருந்து பதில்கள்

(இந்த வாரம் பதில் சொல்பவர், நீலகிரியில் 22 வருடமாக நாளிதழ் புகைப்படக்காரர்.)

போன வருடம் ஜனவரியில் ஒரே நாள் பேப்பரில் உங்கள் பெயரோடு உறைபனி, மலை ரயில், கால்பந்து என்று நான்கு படங்கள். வெட்டி வைத்திருக்கிறேன். எல்லாம் ஒரே ஆள் எடுத்ததா? — கல்லூரி மாணவி, திண்டுக்கல்

ஒரே ஆள்தான்மா. அது ஒரு திங்கட்கிழமை. விடிவதற்கு முன்பே ஊட்டி பக்கத்துத் தலைகுந்தாவில் நின்றேன். வெயில் பட்டுவிட்டால் உறைபனி கொஞ்ச நேரத்தில் வெறும் தண்ணீர். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். அதனால் மாற்று பேட்டரி எப்போதும் ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு இருக்கும். வெள்ளைப் புல்வெளியைக் கேமராவின் கணக்குக்கே விட்டால் சாம்பல் நிறமாகக் காட்டும். வெளிச்சத்தை ஒரு படி கூட்டித்தான் எடுப்பேன்.

சுற்றுலா வந்த பிள்ளைகள் கார் மேல் படிந்த பனியில் விரலால் பெயர் எழுதினார்கள். முதல் பக்கத்தில் வந்தது அந்தப் படம். ஆனால் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெரியவர் ஒரு கொழுந்தைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தாரே, அதை இன்னும் மறக்கவில்லை. கண்ணாடிச் சில்லு மாதிரி விறைத்திருந்தது. கைச்சூட்டில் பனி கரைந்ததும் வெந்த கீரையாகத் துவண்டது. “ரெண்டு நாள்ல கருகிடும் தம்பி” என்றார். பனி அழகைப் போடும்போதெல்லாம் இதையும் போடுங்கள் என்று ஆபீஸில் வருடா வருடம் சண்டை போடுகிறேன். அன்று உள்பக்கத்தில் இடம் கொடுத்தார்கள்.

பத்து மணிக்குக் கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அங்கிருந்து ஊட்டி பக்கத்து லவ்டேல் ஸ்டேஷன் போய் ரயில். சாயங்காலம் கால்பந்து. இரண்டாம் பாதியில் மூடுபனி இறங்கி எதிர் கோல்கம்பமே தெரியவில்லை. பந்து எங்கே என்று பார்க்காமல் சத்தம் வந்த பக்கம் திருப்பினேன். குளிரிலிருந்து சூடான அறைக்குள் போனதும் கேமராவை வெளியே எடுக்கக் கூடாது, லென்ஸில் ஆவி படியும். பையை மூடியே வைத்து டீ குடித்துவிட்டு, அப்புறம்தான் கார்டைக் கழற்றிப் படம் அனுப்பினேன்.

மலை ரயில் படத்தில் புகையே இல்லையே? — பள்ளி மாணவர், மதுரை

நல்ல கண் உங்களுக்கு. நீராவி எஞ்சின் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைதான், அதுவும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். அந்தப் பாதையில் கல்லாருக்கு மேல்தான் பல்சக்கரத் தண்டவாளம், ஏற்றத்தில் எஞ்சின் வழுக்காமல் பல்லைப் பிடித்து ஏற. குன்னூரில் டீசல் எஞ்சின் மாற்றிவிடுவார்கள். லவ்டேலில் நின்றால் புகை கிடைக்காது. கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவில் இருக்கும் ஹில்குரோவ் பக்கம் போங்கள், அப்பாவோடு.

எடுத்தும் அச்சில் வராத படங்களை என்ன செய்வீர்கள்? — வாசகர், பழனி

எதையும் அழிப்பதில்லை. பெயர், ஊர், தேதி எழுதி வைத்துவிடுவேன். அந்தத் திங்கட்கிழமை கூடலூர் பக்கமிருந்து ஒரு பாட்டி மனு கொடுக்க வந்திருந்தார். நான்காக மடித்த மனு மஞ்சப்பைக்குள், பையின் வாய் இறுக்கிப் பிடித்த கைக்குள். மழைக்காலத்தில் அவர் ஊருக்கு ஆம்புலன்ஸ் ஏறாதாம். “படம் வந்தா ரோடு வருமா?” என்று கேட்டார். தெரியாது பாட்டி என்றுதான் சொன்னேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. படமெடுக்கச் சம்மதம் கேட்டு, பெயரைக் குறித்துக்கொண்டேன். மறுநாள் இடமில்லை, வரவில்லை.

ஆறு மாதம் கழித்து, நல்ல மழையில், அதே ஊரிலிருந்து ஒரு நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கி வந்த செய்தி. எங்கள் நிருபர் பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ஊர்ப் பெயர் எழுதியிருந்ததால் ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தேன். பாட்டியும் மஞ்சப்பையும் மூன்று பத்தி அகலத்தில் பேப்பரில் வந்தார்கள். போன மாதம் அந்த ஊர்ப் பாதையில் ஜல்லி கொட்டியிருக்கிறார்கள். தார் போடும் அன்றைக்கு என்னைக் கூப்பிடச் சொல்லி, பாட்டியின் பேரனிடம் என் நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.